கலாச்சாரத்தின் மேல் கோபமா, கூலிக்காரன் மேல் கோபமா?

புதுப்பட்டினத்தில் சென்ற மாதம் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்துச் சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்தார். வயது 22. பீகாரிலிருந்து வந்தவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நஷ்டஈடு கேட்கப் போனபோது காண்டிராக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தப் பெயரில் தம்முடைய பட்டியலில் ஆளே இல்லை என்றார். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் வேண்டுமானால் எடுத்துத் தருவாராம். பெரிய மனசு!

ஆகவே மனு போட வேண்டியதாயிற்று. மனுவுக்கு சாட்சி வேண்டும். அந்த ஆள் அங்கே வேலை செய்தார், அங்கே விழுந்தார் என்று கண்ணால் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தவர்களில் ஒருவர் நம் சங்கத்து அங்கத்தினர். கம்பி கட்டும் தொழிலாளி. பத்து வருஷமாகச் சந்தா பாக்கி வைக்காதவர். மே தினத்தில் கொடி பிடிப்பவர். அவரிடம் காகிதத்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

“அவன் நம்ம ஆளா தோழர்? எனக்கு அவன் மேல ஒரு பகையும் கிடையாது. அவனுங்க கலாச்சாரம் எனக்குப் பிடிக்கல. கண்ட எடத்துல துப்புறான். ஒரு ரூம்ல பத்துப் பேர் படுக்கிறான். நம்ம கூலியக் கெடுக்கிறான். இந்திய வேற நம்ம தலையில கட்டப் பாக்கிறாங்க. ஒரு கலாச்சாரம் பிடிக்கலன்னு சொன்னா அது மனுஷன வெறுக்கிறதா? அதுவும் தப்பா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேலி செய்து ஒதுக்க நாம் தயாரில்லை. இது ஒரு தோழரின் கேள்வி மட்டுமல்ல. ஈசிஆர் ரோட்டு டீக்கடைகளில் கேட்கும் கேள்வி. கல்பாக்கத்தைச் சுற்றிய கட்டட வேலைகளில், செங்கல்பட்டுத் தொழிற்பேட்டைகளில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கேட்கும் கேள்வி. சரியான பதிலை நாம் சொல்லாவிட்டால், தவறான பதிலோடு காத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தார், “வடக்கனைத் துரத்து, எல்லாம் சரியாகிவிடும்” என்பவர்கள். இன்னொரு பக்கத்தார், “பார்த்தீர்களா, இந்தி வேண்டாம் என்று இவர்கள் சொன்னதே இந்திக்காரனை வெறுப்பதால்தான்” என்று டில்லியிலிருந்து கைகொட்டிச் சிரிப்பவர்கள். இருவரும் எதிரிகள் போலத் தோன்றுவார்கள். உண்மையில் இருவரும் சொல்வது ஒன்றே: கலாச்சாரமும் மனிதனும் ஒன்று, ஒன்றை எதிர்த்தால் மற்றதையும் எதிர்த்ததாகும் என்பதே அது. நாம் இதை மறுக்கிறோம்.

பிடிக்காமல் இருக்க உரிமை உண்டு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஒரு நாட்டின், ஒரு பிரதேசத்தின் வழக்கம் நமக்குப் பிடிக்காமல் இருப்பது குற்றமல்ல. கம்யூனிஸ்டுகள் எல்லா வழக்கங்களுக்கும் மாலை போடுகிறவர்கள் அல்லர். வரதட்சிணையை எதிர்க்கிறோம். பெண்ணை முக்காட்டுக்குள் அடைப்பதை எதிர்க்கிறோம். சாதியை எதிர்க்கிறோம், அது கங்கைக் கரையில் இருந்தாலும் பாலாற்றங்கரையில் இருந்தாலும். “அது அவர்கள் கலாச்சாரம், நமக்கென்ன” என்று ஒதுங்குவது மரியாதை அல்ல. அந்த வழக்கத்தின் கீழே நசுங்குகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அப்படியானால் விமர்சனம் எங்கே முடிகிறது? துவேஷம் எங்கே ஆரம்பிக்கிறது? நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது.

1927இல் காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி ‘மதர் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். குழந்தை மணம், பெண்களின் இழிநிலை, தீண்டாமை, சுகாதாரக் கேடு எல்லாவற்றையும் அதில் எழுதினார். அது சாக்கடை மேற்பார்வையாளரின் அறிக்கை என்று காந்திஜி சொன்னார். மேயோ குறிப்பிட்ட கொடுமைகள் இங்கே இல்லாமலா இருந்தன? இருந்தன. பொய் என்று சாதிக்க முடியாதபடி இருந்தன.

அதே ஆண்டுகளில் அதே கொடுமைகளை நம் ஊர்ப் பெண்களும் எதிர்த்தார்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தப் போராட்டத்தின் முடிவில் 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது.

எதிர்த்த விஷயம் ஒன்றுதான். ஆனால் முடிவு? மேயோ எடுத்த முடிவு: இப்படிப்பட்ட ஜனங்கள் சுயராஜ்யத்துக்கு லாயக்கில்லை, வெள்ளையன் ஆளட்டும் என்பது. முத்துலட்சுமி அம்மையார் எடுத்த முடிவு: இந்தப் பெண்கள் விடுதலை பெற வேண்டும் என்பது. முன்னவர் ஒரு வழக்கத்தைக் காட்டி அதில் சிக்கியவனின் உரிமையைப் பறிக்கச் சொன்னார். பின்னவர் அதே வழக்கத்தைக் காட்டி அதில் சிக்கியவளுக்கு உரிமை கேட்டார்.

இதுவே நம் அளவுகோல். ஒரு வழக்கம் உங்களுக்குப் பிடிக்காதது உங்கள் சாப்பாட்டுத் தட்டோடும் பாட்டுக் கச்சேரியோடும் நின்றால், அது ருசி. அந்த வழக்கத்தால் கஷ்டப்படுகிறவருக்காக அதை எதிர்த்தால், அது விமர்சனம். ஆனால் உங்கள் பிடிக்காமை வாடகை வீட்டின் கதவை அடைத்தால், கூலிப் பட்டியலில் ஒருவனுக்கு நூறு ரூபாய் குறைத்தால், இடுப்பொடிந்து கிடப்பவனின் மனுவில் சாட்சிக் கையெழுத்தைத் தடுத்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது துவேஷமே.

எது பீகாரின் கலாச்சாரம்?

“அவர்கள் கலாச்சாரம்” என்கிறோமே, எது அவர்கள் கலாச்சாரம்? ஒரு ஜாதி ஜனங்களுக்கு ஒரே கலாச்சாரம்தான் உண்டு என்பது முதலாளி வர்க்கம் கட்டிவிட்ட கதை. ஒவ்வொரு தேசியக் கலாச்சாரத்துக்குள்ளும் இரண்டு கலாச்சாரங்கள் இருக்கின்றன என்று 1913இல் லெனின் எழுதினார். ஆள்பவனுடைய கலாச்சாரம் ஒன்று. உழைப்பவனுடைய வாழ்விலிருந்து முளைக்கும் ஜனநாயகக் கலாச்சாரம் இன்னொன்று. ருஷ்யாவில் ஜமீன்தார், பாதிரி, கறுப்புக் கும்பல் ஆகியோரின் ருஷ்யாவும் இருந்தது, செர்னிஷெவ்ஸ்கியின் ருஷ்யாவும் இருந்தது.

பீகாரிலும் அப்படித்தான். ஜமீன்தாரின் அடியாளும் பீகாரிதான். அந்த ஜமீன்தாரை எதிர்த்து 1929இல் பீகார் மாகாண கிசான் சபையை ஆரம்பித்த சகஜானந்த சரஸ்வதியும் பீகாரில்தான் வேலை செய்தார். 1936இல் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை பிறந்தபோது அதன் முதல் தலைவர் காவி கட்டிய அந்தத் துறவி. நம் வாசகசாலைகளில் அட்டை கிழியக் கிழியப் படித்த ‘வால்காவிலிருந்து கங்கை வரை’யை எழுதியவர் ராகுல் சாங்கிருத்யாயன். கண. முத்தையா அதைத் தமிழில் தந்தார். அந்த ராகுல்ஜி பீகார் விவசாயிகளோடு நின்று 1939இல் சிறை சென்றவர். எழுதியது இந்தியில்.

இன்னும் ஒருவரைச் சொல்வோம். பிகாரி தாக்கூர். சாரண் ஜில்லாவில் நாவிதர் வீட்டில் பிறந்தவர். போஜ்புரி மொழியில் ‘பிதேசியா’ என்று ஒரு நாடகம் கட்டினார். பிழைப்புத் தேடி மனைவியை விட்டுக் கல்கத்தாவுக்குப் போன ஒருவனின் கதை அது. ஊரில் காத்திருக்கும் பெண்ணின் புலம்பல் அது. கொழும்புக்கும் பினாங்குக்கும் புருஷனை அனுப்பிவிட்டு நம் தாய்மார்கள் அழுத அழுகையும் அதுவும் வேறு வேறா? சாரத்திலிருந்து விழுந்த பையனின் கலாச்சாரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த நாடகத்தைச் சொல்லுங்கள். சுவரில் உள்ள சிவப்புக் கறையை மட்டும் பார்த்துவிட்டு “உங்கள் கலாச்சாரத்தை நானறிவேன்” என்றால், மேயோ அம்மைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மாமல்லபுரத்துப் பாறையைப் பார்க்காத செங்கல்பட்டுக்காரர் யார்? அதை அர்ச்சுனன் தபசு என்பாரும் உண்டு, பகீரதன் தவம் என்பாரும் உண்டு. பகீரதன் தவம் என்றால் பாறைப் பிளவில் இறங்குவது கங்கை. நம் கடற்கரைக் கல்லில், நம் தச்சன் உளியால், பாட்னாவைத் தொட்டு ஓடும் நதி. இதைப் பல்லவர் காலத்திலேயே நம்முடையதாக்கிக்கொண்டோம். கங்கையைக் கல்லில் வரவேற்றவர்கள், கங்கைக் கரைக் கூலிக்காரனைக் காலி மனை ஓரத்தில்கூட நிற்கவிட மாட்டோம் என்பதா?

எச்சிலும் தகரக் கொட்டகையும்

இனித் தோழர் சொன்ன குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

துப்புகிறார்கள். ஆம், துப்புகிறார்கள். அது அசிங்கம். வியாதியைப் பரப்பும். கண்டிக்க வேண்டும். வெற்றிலைச் சாற்றை நம் பெரியவர்கள் எங்கே துப்பினார்கள், பஸ் ஜன்னலிலிருந்து இன்றும் யார் துப்புகிறார்கள் என்பதையும் அப்போது நினைவில் வைத்துக்கொண்டு கண்டிக்க வேண்டும்.

ஒரு அறையில் பத்துப் பேர். இது எந்தக் கலாச்சாரம்? பத்துப் பேரை ஒரு தகரக் கொட்டகையில் அடைத்து, பத்துப் பேரிடமும் வாடகை பிடிப்பது பீகாரின் கலாச்சாரமா, காண்டிராக்டரின் கலாச்சாரமா? பத்துப் பேர் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டு யாராவது ஆயிரத்தைந்நூறு மைல் ரயிலேறி வருவார்களா? வறுமையைக் கலாச்சாரம் என்று பெயர் மாற்றினால் முதலாளிக்கு ரொம்ப வசதி. வறுமைக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். கலாச்சாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை!

கூலியைக் கெடுக்கிறார்கள். இதுதான் மெய்யான வலி. மற்றதெல்லாம் இந்த வலியின் மேல் போட்ட போர்வை. நாம் மறைக்கவில்லை, உள்ளூர்த் தொழிலாளி கேட்கும் கூலிக்குக் குறைவாக வெளிமாநிலத் தொழிலாளியை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கூலியைக் குறைத்தது யார்? ஊரில் முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி அழைத்துவரும் தரகன் குறைத்தான். பட்டியலில் பெயரே எழுதாத காண்டிராக்டர் குறைத்தார். பாஷை தெரியாதவன் சங்கத்துக்குப் போக மாட்டான் என்ற தைரியத்தில் குறைத்தார். அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது எது? “அவன் நம்ம ஆளா?” என்ற நம் கேள்விதான்!

1979இல் மாநிலங்களுக்கிடையே குடிபெயரும் தொழிலாளர்களுக்கு என்று பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதே வேலைக்கு அதே கூலி, பயணப்படி, இருக்க இடம், மாதக் கூலியில் பாதியளவு இடப்பெயர்வுப்படி என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. காண்டிராக்டர்கள் அதை ஒழுங்காக அமல் நடத்தியிருந்தால் வெளியூரானை மலிவாக வைத்துக்கொள்ளும் வித்தையே நடந்திராது. 2020இல் வந்த தொழிற்சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கியது. இடப்பெயர்வுப்படி அதில் காணாமலே போயிற்று. அன்று அந்தப் பறிப்பை எதிர்த்து எத்தனை டீக்கடைகளில் பேசினோம்? துப்புகிற கதையைப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது பேசினோமா?

வெளியூர் ஆள் என்னும் பழைய வித்தை

வெளியூர் ஆளைக் கொண்டுவந்து உள்ளூர்க் கூலியை உடைப்பது இன்று கண்டுபிடித்த வித்தையல்ல. கீழத்தஞ்சையில் 1960களில் அரைப்படி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளுக்கு எதிராக மிராசுதார்கள் அதைத்தான் செய்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். அந்த மோதலின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. அன்று வந்த வெளியூர் ஆட்கள் இந்தியா பேசினார்கள்? தமிழ் பேசினார்கள். தீ வைத்த மிராசுதார்களும் தமிழ்தான் பேசினார்கள். எரிந்தவர்களும் தமிழ்தான் பேசினார்கள். பாஷையா அங்கே பகையைத் தீர்மானித்தது?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். நம் சென்னை ராஜதானியிலிருந்து போன தெலுங்குத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்குக் காண்டிராக்டர்கள் பர்மியத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். வேலை நிறுத்தம் முடிந்து பழைய தொழிலாளிகள் திரும்பியதும் பர்மியரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். முதலாளி கைகழுவிக்கொண்டான். இரண்டு பட்டினிக் கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அன்றும் பர்மியர்கள் இந்தியனின் கலாச்சாரம் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் பேசியிருப்பார்கள். துறைமுகக் கூலி எவ்வளவு என்று யாரும் பேசாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

நமக்கும் பட்டப்பெயர்கள் உண்டு

“வடக்கன்” என்று வாய் கூசாமல் சொல்கிற நமக்கு உலகம் வைத்த பெயர்கள் மறந்துவிட்டனவா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைத் தம் ரத்தத்தால் வளர்த்த தமிழனுக்கு அங்கே ‘கள்ளத்தோணி’ என்று பெயர். ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள் என்பது வெட்கக்கேடு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளிகளை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை எண்ணுவது போல எண்ணிப் பிரித்தார்கள்.

பம்பாயில் நமக்குப் பெயர் ‘மதராஸி’. 1966இல் தோன்றிய சிவசேனை, வேட்டி லுங்கி கட்டியவனைத் துரத்து என்று கூச்சலிட்டது. இட்லிக் கடைகளை அடித்தது. அன்றும் “எங்களுக்கு மதராஸியின் கலாச்சாரம்தான் பிடிக்கவில்லை, மராத்தியனுக்கு வேலை வேண்டும்” என்றுதான் பேசினார்கள். அது எங்கே போய் முடிந்தது? 1967 டிசம்பரில் பரேலில் இருந்த செங்கொடிச் சங்க அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5ஆம் தேதி கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் குத்திக் கொல்லப்பட்டார். அவர் மதராஸியா? மராத்தியர்! மில் தொழிலாளியின் தலைவர்! லுங்கியின் மேல் ஆரம்பித்த வெறுப்பு மராத்தித் தொழிலாளியின் சங்கத்தை உடைப்பதில் முடிந்தது. இதை நம் தோழர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரானைத் துரத்த எடுத்த தடி, உள்ளூர்ச் செங்கொடியின் மேல் விழாமல் நின்றதில்லை.

இன்னும் பின்னே போவோம். 1860 நவம்பரில் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது. அதே மாதம் இரண்டாவது கப்பல் ‘பெல்விடேர்’ கல்கத்தாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. முதல் கப்பலில் நம் தென்னாட்டு ஜனங்கள். இரண்டாவதில் வடநாட்டு ஜனங்கள். இருவருக்கும் தோட்டத்துரை வைத்த பெயர் ஒன்றே: ‘கூலி’. 1913இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து இருவரும் சேர்ந்தே வேலை நிறுத்தம் செய்தார்கள். அன்று நம் பாட்டன், “அவன் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை” என்று ஒதுங்கியிருந்தால் அந்த வரி ஒழிந்திருக்குமா?

நம் கம்பி கட்டும் தோழரும் நாலு வருஷம் அரபு நாட்டில் வேலை பார்த்தவர்தான். அங்கே அவரை அரபு முதலாளி என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று கேட்டோம். கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, “ஹிந்தின்னு கூப்பிடுவான்” என்றார். அரபு மொழியில் ‘ஹிந்தி’ என்றால் இந்தியன். பத்துப் பேர் ஒரே அறையில்தான் அங்கே படுத்திருந்தாராம். அது எந்தக் கலாச்சாரம் தோழரே?

டில்லிக் கனவான்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டு, “சரி, அப்படியானால் இந்தியையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எதிர்ப்பது துவேஷம்தானே” என்று சிலர் ஓடி வருவார்கள். அவர்களுக்கும் பதில் உண்டு.

இந்தித் திணிப்பை எதிர்க்கிறோம். 1938இல் எதிர்த்தது தமிழகம், 1965இல் எதிர்த்தது, இன்றும் எதிர்க்கிறது. இந்தி மொழியின் மேல் வெறுப்பால் அல்ல. பிரேம்சந்தைத் தமிழில் படித்து ரசிப்பவர்கள் நாம். டால்ஸ்டாயின் மொழியை நேசித்த லெனின்தான் 1914இல் ருஷ்ய மொழியைக் கட்டாய அரசாங்க மொழியாக்கக் கூடாது என்று எழுதினார். மொழி எவ்வளவு உயர்ந்ததானாலும் தடியைக் காட்டி யாரையும் அதற்குள் ஓட்டக்கூடாது என்பதே அவர் வாதம். தடியை எதிர்க்கிறோம், மொழியை அல்ல.

தடியைப் பிடித்திருப்பவன் யார்? புதிய கல்விக் கொள்கையோடு கட்டிப்போட்டு, தமிழகத்துக்கு வரவேண்டிய 2024-25ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்வி நிதியை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. தமிழக அரசின் கணக்கில் அது 2,152 கோடி ரூபாய். நிறுத்தியது சாரத்தில் நிற்கும் பையனா? அவன் செங்கல் சுமந்துகொண்டிருந்தான்.

அந்தப் பையனின் தாய்மொழியே இந்தி அல்ல என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் வீட்டில் போஜ்புரி பேசுகிறான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் மைதிலி பேசுகிறான். அதற்கு அடுத்தவன் ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி. ஒரிய மொழிக்காரன் இன்னொருவன். 2011 ஜனத்தொகைக் கணக்கில் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கு மேல். அவ்வளவு பேரையும் இந்தி என்ற தலைப்பின் கீழே கூட்டி எழுதிவிட்டார்கள். மைதிலியும் சந்தாலியும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணைக்குள் நுழைய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தி ஆதிக்கம் நம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அவன் வீட்டுக்குள்ளோ நுழைந்து உட்கார்ந்தே விட்டது. அவனை நம் எதிரி என்பதா, நமக்கு முன்னாலேயே அடிபட்டவன் என்பதா?

2023 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் கொல்லப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத காட்சிகளை ஒட்டி வதந்தி பரப்பினார்கள். பொய் என்று தமிழகப் போலீசார் அறிவித்தார்கள். பீகார் அரசின் குழு வந்து பார்த்துப் போயிற்று. அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாக விலைபோயிற்று? “தமிழன் இந்திக்காரனை வெறுக்கிறவன்” என்ற விதையை அங்கே தூவியிருந்தார்கள். இங்கே “வடக்கன்” என்று திட்டும் ஒவ்வொரு வாயும் அந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. இந்தித் திணிப்புக்காரனுக்கு இதைவிடப் பெரிய சேவை வேறு உண்டா?

அளவுகோல் வீட்டிலும் வேண்டும்

கடைசியாக ஒன்று. பிறர் கலாச்சாரத்தை அளக்க எடுக்கும் கோலை நம் வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும். “பீகாரில் சாதிவெறி அதிகம்” என்கிறோம். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே சாதி மாறி மணந்த தலித் வாலிபர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டாரே, அது எந்த மாநிலம்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததே, அது எந்தக் கங்கைக் கரை?

இதற்காக உலகம் முழுவதும் தமிழனை வெறுத்தால் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். “அது எங்கள் சாதிவெறியரின் வேலை. அதை எதிர்த்துப் போராடுகிறவர்களும் தமிழர்தான்” என்போம். சரியான பதில். அதே பதிலைப் பீகாரிக்கும் அனுமதிப்பதுதான் நியாயம். நமக்கு இரண்டு கலாச்சாரம், அவனுக்கு ஒன்றே ஒன்று என்பது எந்த ஊர்க் கணக்கு?

என்ன செய்ய வேண்டும்?

அந்தத் தோழருக்கு நாம் சொன்னது இதுதான். அவர்கள் துப்புவது உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். அவர்கள் பாட்டு பிடிக்க வேண்டாம். ரொட்டியும் உருளைக்கிழங்கும் பிடிக்க வேண்டாம். “இங்கே துப்பாதே” என்று அந்தப் பையனிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவன் சொன்னால் அது கண்டிப்பு. ஒதுங்கி நிற்பவன் சொன்னால் அதே வார்த்தை வசவு.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. சங்க நோட்டீஸ் இந்தியிலும் வங்காளியிலும் ஒரிய மொழியிலும் அச்சாக வேண்டும். சந்தா ரசீது அவர்கள் கைக்கும் போக வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும், அதே வேலைக்கு அதே கூலி வேண்டும் என்று கேட்க வேண்டும். வெளியூரானுக்கு நம் கூலி கிடைத்தால் அவனை வைத்து நம் கூலியை உடைக்க முடியாது. நம் கூலியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. துரத்துவது வழியல்ல. அவன் போனால் காண்டிராக்டர் அவனைவிடப் பசித்த இன்னொருவனைத் தேடிப் பிடிப்பான்.

புதுப்பட்டினம் என்ற பெயரிலேயே பட்டினம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிச் சதுரங்கப்பட்டினம். பட்டினம் என்றால் கப்பல் வந்து போகும் ஊர், வந்தவன் தங்கும் ஊர். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு ஆள வந்தான் டச்சுக்காரன். கோட்டை இடிந்து கிடக்கிறது. உழைக்க வந்தவன் கோட்டை கட்டிக்கொள்வதில்லை. நம் வீடுகளைத்தான் கட்டுகிறான். ஆள வந்தவனையும் உழைக்க வந்தவனையும் இந்தக் கடற்கரை ஜனங்களுக்கு வேறுபடுத்தத் தெரியும்.

மனுவில் மூன்று கையெழுத்துகள் விழுந்திருக்கின்றன. நாலாவது இடம் காலியாக இருக்கிறது. நம் தோழர் அன்று போடவில்லை. மறுக்கவும் இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்காகவே இதை எழுதினோம். அவரைப் போன்ற ஆயிரம் பேருக்காகவும் எழுதினோம்.

பிற்போக்குக் கலாச்சாரத்தை எங்கே கண்டாலும் எதிர்ப்போம்! உழைப்பவனை எங்கிருந்து வந்தாலும் அணைப்போம்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!